பன்னிரண்டாவது கொள்கை

எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தவரை, உள்ளே யாராவது செத்தால் சங்கு ஊதுவார்கள். பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். யாருடைய வீட்டுக்காரர் என்று தெரிகிறவரை ஒருத்தியும் அழமாட்டாள். அது கொடுமையான கம்பெனிதான், சந்தேகமில்லை. ஆனால் செத்தவனைச் செத்தான் என்று சொல்கிற நேர்மை அதற்கு இருந்தது.

சுரங்கத்தை மூடினார்கள். ஊர் பாதி காலியானது. பல வருஷம் கழித்து அதே மலைச்சரிவில் அரசாங்கம் தாவர பாலிமர் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டியது. மண்ணுக்கடியிலிருந்து உறிஞ்சிய எண்ணெய்க்குப் பதிலாக, வயலில் விளைவதிலிருந்து பிளாஸ்டிக் செய்கிற இடம். எங்கள் காங்வொன் மலைகளில் மக்காச்சோளத்துக்கு என்ன பஞ்சம். மணியை உதிர்த்துவிட்டு எறிகிற கட்டைகளை லாரி லாரியாக வாங்கினார்கள். கட்டையை அரைத்து, தண்ணீரும் கொஞ்சம் அமிலமும் சேர்த்து, பெரிய இரும்புக் கலனில் அழுத்தி வேகவைத்தால் மஞ்சளாக ஓர் எண்ணெய் ஆவியோடு பிரிந்து வரும். கருகிய சர்க்கரையும் வாதுமையும் கலந்த வாசனை அதற்கு. அதைப் படிப்படியாகப் பக்குவப்படுத்தினால் கடைசியில் பிளாஸ்டிக். நல்ல காரியம். நான் அதைக் குறை சொல்லவில்லை. நிலையம் திறந்த அன்றைக்கு வாசலில் தொங்கிய பேனரை அடித்துக் கொடுத்தவனே நான்தான்.

அங்கே காலை வேலை பன்னிரண்டு கொள்கைகளோடு தொடங்கும். பசுமை வேதியியலுக்கென்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கொள்கைகள். எல்லோரும் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று, நெஞ்சில் கை வைத்து ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். கோட்டு நிலையத்தின் சொந்தச் சோளநூலில் நெய்தது. கையைத் தூக்கினால் கிரீச்சென்று கத்தும். முதல் கொள்கை கழிவை உண்டாக்காதே என்று தொடங்கி, நடுவில் மின்சாரத்தை வீணாக்காதே என்று போய், விபத்து நேராத விதத்தில் வேதியியலைச் செய் என்று பன்னிரண்டாவதில் முடியும். மற்ற நாட்டுக்காரர்கள் இந்தப் பன்னிரண்டாவதை ஓர் அறிவுரையாக வாசித்தார்கள். எங்கள் இயக்குநர் மேங் சாங்ஹொன் அதைச் செய்தியாக வாசித்தார். விபத்து நேராது என்று உலகமே எழுதி வைத்துவிட்டது, அப்புறம் எப்படி நேரும் என்பது அவர் கட்சி.

அதிலிருந்து மற்றதெல்லாம் தானாகப் பிறந்தது. மாஸ்க் போட்டால் எதிரில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம் வரும், ஆபத்து இருந்தால் அரசாங்கம் தருகிற பசுமை மதிப்பெண் குறையும், ஆகவே மாஸ்க் கூடாது. கலன் மண்டபத்தில் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகள் மின்சாரத்தைத் தின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் பூந்தொட்டி வைத்தார்கள். சூடு வீணாகாமல் இருக்க ஜன்னல்களை மூடி ஒட்டினார்கள். அந்த வருஷம் நிலையத்துக்கு நாட்டிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது. அந்த பேனரும் என் கடையில்தான் அடித்தது.

என் கடைக்கும் தாக் மல்சுக் அக்காவின் சூப் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். காய்ந்த மீனை இடித்து முட்டையும் முள்ளங்கியும் போட்டு அவள் வைக்கிற சூப்புக்காகவே நிலையத்து ஆட்கள் மலையிறங்கி வருவார்கள். விளம்பரத்துக்காக அவர்கள் நிலையத்தின் சோள பிளாஸ்டிக் கரண்டியைக் கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. கொதிக்கிற சூப்பில் கரண்டி வெந்த கீரைத்தண்டு மாதிரித் துவளும். யாரும் முகம் மாறாமல் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, "சித்தி, இன்னொரு கிண்ணம்," என்பார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் பியோ கிதே அந்தக் கலன் மண்டபத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இளவயதில் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகும் நெஞ்சில் கொஞ்சம் நிலக்கரி மிச்சமிருந்தது. அதனால் ஒரு இருமல் உண்டு. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு செருமல். தெருமுனையில் அது கேட்டதும் மல்சுக் சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். அவர் செருப்பைக் கழற்றும்போது அது கொதித்திருக்கும். அதிகம் பேசிக்கொள்கிற தம்பதி இல்லை. இருமலிலும் சூப்பிலும் எல்லாம் முடிந்துவிடும்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் ஆவிக் குழாயில் சோளக்கசடு அடைத்துக்கொண்டது. கிதேயும் அவரோடு வேலை பார்த்த போங் சில்சோங்கும் அதைக் குத்திவிடப் போனார்கள். சில்சோங் ஸ்பேனர் எடுக்கப் போய்த் திரும்பினால், மண்டபம் முழுக்க கருகிய சர்க்கரை வாசனை. கிதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்கிறவர் போல. நிர்வாகப் பிரிவுத் தலைவர் யோம் ஓடி வந்து, முதலில் அவரை வாசலுக்கு வெளியே தூக்கிப்போய்ப் படுக்க வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மல்சுக்குக்கு வந்த போனில், உங்கள் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு எதிரே கொஞ்சம் படுத்திருக்கிறார் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அது பொய்யில்லை.

சாவு வீட்டுக்கு இயக்குநர் மேங் வந்தார். படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து கும்பிட்டார், கோட்டு இரண்டு முறையும் கிரீச்சிட்டது. பிறகு மல்சுக்கின் எதிரில் மண்டியிட்டு, கிதே நிலையத்துக்கு வெளியே காலமானது நிலையத்துக்குப் பெரிய ஆறுதல் என்றார். பக்கத்தில் இருந்த யோம் இருமினார். பெரிய இழப்பு என்று மேங் திருத்திக்கொண்டார். சாவு வீட்டில் பரிமாறுகிற கார மாட்டுக்கறி சூப்பை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாசம் கழித்து சில்சோங் கடைக்கு வந்தான். சூப்பைத் தொடவில்லை. மூலையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தான். மல்சுக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, அண்ணன் வேலைக்கு வர்றார்."

மல்சுக் அகப்பையைக் கீழே வைத்தாள். அவன் மெதுவாகச் சொன்னான். மத்தியான ஷிஃப்ட் தொடங்கியதும் இரும்புப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறுகிறது. பிறகு அடைத்த குழாய் இருந்த இடத்தில் அந்த இருமல். கலன் குளிர்ந்து கிடக்கிற நாளில்கூட அந்த வாசனை. ஷிஃப்ட் முடிகிறபோது சத்தம் படியிறங்கி ஷிஃப்ட் ஆட்களின் பெயர்கள் தொங்குகிற பலகைவரை போகிறது, அங்கே நின்றுவிடுகிறது. பலகையில் அவருடைய பெயர் இன்னும் தொங்குகிறது.

ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்டாள். சில்சோங்குக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெயரை எடுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. இடமாற்றம், ஓய்வு, ராஜினாமா. முன்பு நாலாவதாக மரணம் என்று ஒன்று இருந்தது. முதல் மதிப்பெண் வந்த வருஷம், இனித் தேவைப்படாது என்று அதை நீக்கிவிட்டார்கள்.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. சத்தத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். ஆவி என்ற சொல்லைக் குழு பயன்படுத்த முடியவில்லை. ஆவி இருக்க வேண்டுமானால் ஒருவர் செத்திருக்க வேண்டும், செத்திருக்க வேண்டுமானால் விபத்து நடந்திருக்க வேண்டும், பன்னிரண்டாவது கொள்கைப்படி அது நடக்காது. கடைசியில் 'பதிவு செய்யப்படாத சுவாசம்' என்று பெயர் வைத்தார்கள். அதை மூழ்கடிக்க ஒலிபெருக்கியில் குயில் சத்தம் போட்டார்கள். குயில் கூவி முடிக்கும்வரை இருமல் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு இருமியது. ஒருநாள் யோம் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று கிதேயின் பெயரைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிப் போட்டார். மறுநாளிலிருந்து இருமல் காலையில் வந்தது. குழு இதையும் குறித்துக்கொண்டது. ஒழுக்கமான தொழிலாளி என்று மேங் பாராட்டினாராம்.

காலை ஷிஃப்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டே போனார்கள்.

மல்சுக்குக்குப் பயமில்லை. அவளுக்கு இருந்தது வேறு. செத்தவருக்கு நாற்பத்தொன்பதாம் நாள் வைக்கிற படையலில் அவள் சோற்றில் கரண்டியைக் குத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, எதிரில் யாரும் வந்து உட்கார்ந்த மாதிரி அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. "மனுஷன் அங்கேயே நிக்கிறார் தம்பி," என்று என்னிடம் சொன்னாள். "யாரும் வீட்டுக்குப் போன்னு சொல்லலை. அவர் சொல்லாமக் கிளம்பற ஆளு இல்லை."

சந்திரப் புத்தாண்டு வந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் மூன்று நாள் லீவு. எல்லோருக்கும் என்றால் பலகையில் பெயர் இருக்கிற எல்லோருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் நான் கடையில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் இருமல் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நான் துணியைக் கீழே போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மல்சுக்கின் கடைக்கதவு நகரும் சத்தம் கேட்டது. உடனே அடுப்பு பற்றுகிற சத்தம். அவள் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிருக்கும்.

மூன்று நாளும் அவர்கள் குடியிருந்த கடைப் பின்னறையில் அந்த இருமல் இருந்தது. இஞ்சோன் நகரத்திலிருந்து மகள் ஹேவொன் வந்திருந்தாள். அவள் முதலில் வெளுத்துப் போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா இளைச்சுட்டார் போல," என்றாள். இருவரும் அரிசிக்கேக் சூப்பை மூன்று கிண்ணத்தில் ஊற்றி வைத்துச் சாப்பிட்டார்கள். நான் ஒரு பேரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறையில் கருகிய சர்க்கரை வாசனை இருந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கும்போது நாம் கொஞ்சம் தள்ளி உட்கார்வோமே, அப்படி நான் என்னை அறியாமல் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் காலையில் கதவு நகர்ந்தது. செருப்புச் சத்தம் மலைப்பாதையில் ஏறியது. மல்சுக் கம்பளிக் கழுத்துத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பனி நன்றாகப் பெய்திருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது பாதையில் அவளுடைய தடம் மட்டும் நிலைய வாசல்வரை போயிருந்தது. வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். செத்தும் சம்சாரத்தைவிட வேலைதான் பெரிது என்று போகிறாரே என்று அவளுக்குக் கோபம்தான் வந்ததாம். திரும்பி வரும்போது அந்தக் கழுத்துத்துணியை அவளே சுற்றியிருந்தாள்.

மறுநாள் நல்ல உடை உடுத்திக்கொண்டு யோமைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். யோம் மரியாதையானவர். சோளத் தேநீரைச் சோளக் கோப்பையில் கொடுத்தார், கோப்பை சூட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்ன விஷயம் என்று கேட்டார். லீவு வேண்டும் என்றாள் மல்சுக்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"லீவுக்கு அவரே நேர்ல வந்துதான் கேக்கணும்."

"தினம் வர்றாரே."

"வர்றார்னு நிலையம் சொல்லலையே."

"அப்ப செத்துட்டார்னு எழுதி, பேரை எடுத்துடுங்க. அவர் வீட்டுக்கு வந்துடுவார்."

"அதையும் நிலையம் சொல்லலைம்மா."

யோமுக்கு அவள்மேல் இரக்கம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. உதவ வேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பியோ கிதே சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறார், காரணம் குடும்பச் சூழ்நிலை. மனைவி கையெழுத்துப் போட்டால் போதும், அன்றைக்கே பெயர் எடுக்கப்படும், விலகியவரை வாசற்காவலர் உள்ளே விடமாட்டார் என்றார். விட்டுப்போகிற தேதிக்குப் போன செப்டம்பரைப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றும் சேர்த்துக்கொண்டார். செப்டம்பரில் விலகியவர் அக்டோபரில் அங்கே சாக முடியாது.

மல்சுக் பேனாவை எடுத்தாள். அவள் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தாலும் குற்றமில்லை, அவர் வீட்டுக்கு வந்துவிடுவாரே. பேனா முனை தாளைத் தொட்டு அங்கேயே நின்றது. பிறகு மூடியைப் போட்டு யோம் கையில் கொடுத்தாள்.

"சுரங்கத்துல மேல்கூரை இடிஞ்சப்பகூட ஆளுங்களை விட்டுட்டு அவர் ஓடி வரலை. செத்த பிறகு ஓடிப்போனார்னு நான் எழுதித் தரணுமா?"

யோம் சாய்ந்த கோப்பையை நிமிர்த்திப் பார்த்தார், அது மறுபக்கம் சாய்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாதது. நிலையத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பசுமைத் தொழிலாளி விருது உண்டு. யார் குறைவாக மின்சாரம், தண்ணீர், சாப்பாடு செலவழிக்கிறார், யார் குறைவாகக் கழிவு உண்டாக்குகிறார், யார் தாமதமாக வருவதில்லை என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு ஒரு பெயரைத் துப்பும். மார்ச்சில் அது பியோ கிதே என்று துப்பியது. போட்டிக்கு அருகில்கூட யாரும் இல்லை. யோம் அதை மறைத்துவிடப் பார்த்தார். மேங் சம்மதிக்கவில்லை, கம்ப்யூட்டருக்குப் பாரபட்சம் தெரியாது என்றார். காலை வரிசையில் எல்லோரையும் நிறுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு பருக்கைச் சோறு, ஒரு மூச்சுக் கரியமில வாயு செலவில்லாமல் கடமையாற்றும் முதல் தொழிலாளி என்று புகழ்ந்தார். முயன்றால் நம்மில் ஒவ்வொருவரும் ஒருநாள் அவரைப் போல ஆக முடியும் என்று முடித்தார். கைதட்டினார்கள் என்று சில்சோங் சொன்னான். அவனும் தட்டியிருக்கிறான்.

அந்த விருதுக்கான பேனரை அடித்ததும் அதை மல்சுக்கிடம் காட்டாமல் எடுத்துப்போக எனக்கு மனசு வரவில்லை. அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, பச்சை எழுத்தில் இருந்த பெயரை மட்டும் விரலால் தொட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஹேவொன் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "இவ்வளவு பெருசா எழுதத் தெரியுது," என்றாள்.

ஏப்ரலில் நிலையத்துக்குப் புதிய பெரிய கலன் வந்தது. தொடக்க விழாவுக்குத் துணை அமைச்சர் வருகிறார். புது இயந்திரம் வந்தால் பூசை போடாமல் எங்கள் பக்கத்தில் யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள், மேங் மட்டும் விலக்கா. ஆனால் பூசைக்குச் சிரித்த முகமாக ஒரு பன்றித்தலை வேண்டும். பன்றி தாவரம் இல்லையே என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் நிலையத்தின் சொந்த பிளாஸ்டிக்கிலேயே பன்றித்தலை வார்த்தார்கள். நல்ல கலைஞன் ஒருவன் செய்தது. உண்மையான பன்றியைவிடச் சந்தோஷமாகச் சிரித்தது.

அத்தனை பேருக்குச் சமைக்க ஊரில் மல்சுக்கை விட்டால் ஆளில்லை. அதனால் அவளே சூப் அண்டாவோடு கலன் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தாள். நான் பேனர் கட்ட ஏணியில் நின்றிருந்தேன். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

பூசைப் பலகை மேல் பன்றித்தலை. அதன் முன்னால், ஆவி பறக்க, அப்போதுதான் இறக்கிய சிவப்புப் பயறு அரிசிக்கேக். பின்னால் மேங், துணை அமைச்சர், யோம், பிறகு தொழிலாளர்கள். மேங் மைக்கைப் பிடித்தார். இந்த மண்ணில் ஒருகாலத்தில் மனிதர்கள் இருட்டில் செத்தார்கள் என்றார். இன்றைக்கு இங்கே செடிகள் வெளிச்சமாகின்றன என்றார். இந்த மண்டபம் கட்டியதிலிருந்து இதற்குள் எதுவுமே நடந்ததில்லை என்று தம்மால் தலைநிமிர்ந்து சொல்ல முடியும் என்றார்.

மேலே, குழாய்ப் பக்கம், இருமல் கேட்டது.

யாருக்கு உடம்பு சரியில்லை என்று துணை அமைச்சர் கேட்டார். ஒலிபெருக்கியில் கோளாறு என்றார் யோம். மறுபடியும் இருமல், கடைசியில் அந்தச் செருமல், பேச்சின் நடுவில் புகுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. சூட்டில் பன்றியின் தாடை மெல்ல இறங்கத் தொடங்கியது.

மல்சுக் அகப்பையை வைத்துவிட்டு இரும்புப் படியில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, சமையல்காரி ஏதோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். குழாய் பக்கத்தில் நின்று பையிலிருந்து கிதேயின் பழைய சட்டையை எடுத்தாள். செத்தவரை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறபோது வீட்டார் செய்வது போல, காலரை ஒரு கையிலும் இடுப்புப் பக்கத்தை மறுகையிலும் பிடித்து, வடக்கே பார்த்து உதறினாள்.

"பியோ கிதே, திரும்பி வா."

முதல் தடவை குரல் எழும்பவில்லை. பழக்கமில்லாத பெயர். இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாக. மூன்றாம் தடவை மண்டபத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அதன்பிறகு சட்டையை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஹேவொன் அப்பா, நீங்க செத்துட்டீங்க. போன அக்டோபர்ல, இந்தக் குழாய்கிட்ட, இந்தப் புகையை மூச்சுல இழுத்து செத்துட்டீங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலை, அதான் நான் சொல்றேன். உங்க ஷிஃப்ட் முடிஞ்சுது. வீட்டுக்கு வாங்க."

மேங் மைக்கில், இந்தத் தகவல் நிலையத்தின் தகவல் அல்ல என்று தொடங்கினார். கீழே இருந்து சில்சோங்கின் குரல் அவரைத் தாண்டிப் போனது.

"ஆமாண்ணே. செத்துட்டீங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "செத்துட்டீங்கண்ணே," என்றான். அப்புறம் இன்னொருவன். வரிசையாக, நெஞ்சில் கை வைத்துக் கொள்கை சொல்கிற அதே வரிசையில் நின்றுகொண்டு, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில், முன்னால் நின்ற யோம்கூட வாயை அசைத்தார். சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் ஏணிமேல் இருந்தேன்.

செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஒவ்வொரு படியாக, முழங்கால் வலிக்கிற மனிதர் இறங்குகிற மாதிரி. வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எல்லோரும் குனிந்தார்கள். துணை அமைச்சரும் ஒதுங்கிக் குனிந்தார். தரை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னாராம். மல்சுக் சட்டையை அணைத்தபடி அந்தச் சத்தத்துக்கு ஒரு படி பின்னால் இறங்கி, வாசலைக் கடந்து போனாள். பன்றியின் முகம் முழுதாகக் கரைந்து அரிசிக்கேக்கின் மேல் வழிந்திருந்தது. சிரிப்பு மட்டும் எப்படியோ மிச்சமிருந்தது.

கொஞ்ச நாள் அவர் பின்னறையில் இருந்தார். இருமல் நாளுக்கு நாள் மெலிந்தது. மே மாதம் ஒரு மத்தியானம், பாதி இருமலில் நின்றுபோனது. அன்றைக்குத்தான் மல்சுக் அழுதாள். நான் கடையைச் சாத்திவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

நிலையம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கிதேயின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, 'வீட்டிலிருந்து பணி' என்று பதிந்துகொண்டது. அதைக் கேட்டு மல்சுக் சிரித்தாள், அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு. தொழிலாளர்கள் விசிறி இல்லாமல் மண்டபத்துக்குள் போகமாட்டோம் என்று முற்றத்திலேயே நின்றார்கள். பூந்தொட்டிகளை எடுத்துவிட்டுப் பழைய ஓட்டைகளில் 'இலைத் தென்றல் அமைப்பு' பொருத்தப்பட்டது. பார்க்க விசிறி மாதிரியே இருக்கும். மாஸ்க் மட்டும் இன்றைக்கும் கூடாது.

அப்படியும் ஆட்களுக்குப் பயம் தெளியவில்லை. செத்தால் சொல்லமாட்டார்கள் என்பது தெரிந்த பிறகு, செத்துவிட்டோமோ என்ற சந்தேகம் எந்த நேரமும் வரலாம் அல்லவா. ஷிஃப்ட் முடிந்து இறங்கி வருகிறவர்கள் சூப் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்கத் தொடங்கினார்கள். மல்சுக் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பாள்: "வந்துட்டியா, சில்சோங்?" வந்துட்டேன் அண்ணி என்பான். அடுத்தவன் வந்துட்டேன் சித்தி என்பான். பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். சாப்பிட வராதவர்களும் அதற்காக வந்தார்கள்.

ஜூன் மாதம், வெளிச்சம் இன்னும் இருக்கிற ஒரு சாயங்காலம், அந்த வரிசையின் கடைசியில் மேங் சாங்ஹொன் நின்றார். கார் இல்லை, நடந்து வந்திருந்தார். முன்னால் இருந்தவர்கள் இடம் விட்டும் முந்தி வரவில்லை. அவருடைய முறை வந்தபோது, சில நாளாகவே ஒரு மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்தார். தாம் பேசினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அலுவலகத்தின் தானியங்கிக் கதவு எதிரில் போய் நின்றால் சில சமயம் திறப்பதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், கதவில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று யோம் சொல்லிவிட்டாராம்.

"எதுவும் நடக்கலைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க," என்றார். "நான் இருக்கேனான்னு நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கம்மா."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று மல்சுக் சொல்லியிருக்கலாம். அவளைத் தவறாகச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

"முழுப் பேரைச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னார். பதவியைச் சேர்க்காமல் அவர் தம் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மேங் சாங்ஹொன், வந்துட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி முயன்றார். "வந்துட்டேன்," என்று எங்கேயோ தூரத்திலிருந்து மாதிரி வந்தது. தம் குரலைத் தாமே நம்பாதவர் போலக் கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா."

"உயிரோட இருக்கிறவங்களை ஒரு தடவைக்கு மேல கூப்பிடக் கூடாது," என்றாள் மல்சுக். "உள்ளே வந்து உக்காருங்க."